பக்கெட் கடையின் புரட்டாசி லீவு

எங்கள் ஊரில் பொய் விரதம் இருப்பவர்கள் அதிகம். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. புரட்டாசி பிறந்தால் நெற்றியில் நாமம், வாயில் கோவிந்தா, கறிச்சட்டி பரண்மேல். ஆனால் கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையோரம் அந்தப் பொரித்த கோழிக் கடை வந்த பிறகு, ஆண்களில் பாதிப்பேர் நாமத்தைத் துண்டால் துடைத்துவிட்டு அங்கே போய்த் தின்றார்கள். வெளியூர்க் கம்பெனியின் கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். வீட்டுச் சட்டியில் கறி படவில்லை, அதனால் விரதமும் கெடவில்லை என்பது அவர்கள் நியாயம். கோழியை வாளியில் போட்டுத் தந்ததால் அதற்குப் பக்கெட் கடை என்று பெயர். பஸ் கண்டக்டரும் அப்படித்தான் கூவுவார்.

அப்பாவும் தின்றார். நான் ஐந்தாவது படித்தபோது புரட்டாசியில் ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனார். தட்டைக் கொண்டுவந்து வைத்தது அக்கா. பன்னிரண்டாவது முடித்துவிட்டு அங்கேதான் வேலை செய்தாள். "அம்மாகிட்ட சொன்ன, சாமி கண்ண குத்தும்" என்றார் அப்பா. யார் கண்ணை என்று சொல்லவில்லை. எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை.

கரையாம்புத்தூர் அத்தை தன் மகனுக்கு அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு அவனைப் பிடிக்காது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து பேசியதில்லை. "வேலைக்குப் போறாளேக்கா, இப்ப இன்னா அவசரம்" என்று அப்பா ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுவார். அந்த வேலைதான் அக்காவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் புரட்டாசி பிறந்த வாரமே கடையின் ஷட்டர் இறங்கிவிட்டது.

பிராய்லர் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "கண்ணாடி ரூம்ல வெச்சா கோழி மயிலாயிடுமா? போய்ச் சேந்தான் பாரு!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எதிரே பஸ்ஸுக்கு நின்ற பெண்கள், இருந்த ஒரே வெளிச்சமும் போச்சே என்று திட்டினார்கள். நாமம் போட்ட ஆண்கள்தான் பாவம். ஷட்டரைப் பார்ப்பார்கள், ஒருவரையொருவர் பார்ப்பார்கள், ஏன் மூடினான் என்று கேட்கமுடியாமல் நடையைக் கட்டுவார்கள்.

வீட்டில் அக்கா, "புரட்டாசிக்கு லீவும்மா. போன வருசம் வெறும் உருளக்கெழங்கு வித்து நட்டமாச்சாம். மாசம் முடிஞ்சதும் தொறப்பாங்க" என்றாள். அம்மா நம்பினார். "பின்ன, இந்த மாசத்துல எவன் துன்னப்போறான்?"

போன புரட்டாசியிலும் அங்கே கோழி விற்றது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். சொன்னால் தின்றது வெளியே வரும். அப்பா ஈரத் துண்டை உதறி உதறிக் காயப்போட்டார். அக்கா என் தொடையைக் கிள்ளி, "வாயத் தொறந்த, அவ்ளோதான்டி" என்றாள். கடைப் பேச்சு வந்தாலே, அம்மா கேட்பதற்கு முன்பே கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன்.

கடைசிச் சனிக்கிழமை தளிகைக்கு அத்தையும் அவர் மகன் அத்தானும் வந்தார்கள். பெருமாளுக்குப் படைத்து, நாங்கள் இலைமுன் உட்கார்ந்தோம், அம்மாவும் அக்காவும் பரிமாறினார்கள். அத்தான் சிரித்துக்கொண்டே, "பக்கெட் கடை போர்டக் கழட்டி லாரில ஏத்திக்கினு இருக்கான்" என்றான்.

"தொறக்கப்போறான்ல, கழுவி மாட்டுவான்" என்றார் அம்மா.

"எங்க தொறக்கறது? புரட்டாசிக்கு மூடறவனா அவன்? போன வருசம் இதே சனிக்கெழம நானும் மாமாவும் அங்கதான கோழி துன்னோம்!"

அம்மா கரண்டியைக் கீழே போட்டார். "இந்த வாயாலதானய்யா காலையில கோவிந்தா போட்ட? நாமத்தப் போட்டுக்கினு கோழி கேக்குதா?" அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் தின்றதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுத்து என் பெயர் வரும், இதோ வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை குறுக்கே வந்தார். "வுடும்மா, துன்னுட்டான், போவட்டும். டேய் தம்பி, கடையும் போச்சு, அவ வேலையும் போச்சு. ஐப்பசில மொத முகூர்த்தத்துலயே முடிச்சிடலாமா? இன்னா சொல்ற?"

திட்டு நின்றால் போதும் என்றிருந்த அப்பா, தலையைத் தூக்காமலே, "சரிக்கா, வெச்சிக்கலாம்" என்றார்.

அம்மாவின் முகம் அப்படியே மாறியது. கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவிக்கொண்டே, வில்லியனூரில் எந்த மண்டபம் காலியாக இருக்கும் என்று பேச ஆரம்பித்தார். கோழி அதோடு மறந்துபோனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா தப்பித்தார், நானும் தப்பித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். என் இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். மறுபடியும் வைத்தாள். நகராமல் அங்கேயே நின்று இன்னொரு கரண்டி வைத்தாள். எனக்குப் பிடிக்கும் என்றுதான் வைக்கிறாள் என்று நினைத்து, அவ்வளவையும் வழித்துத் தின்றேன்.