மேலதிகாரி விட்டுப்போன பனை

என் கணவர் தென்காசியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவருடைய மேலதிகாரிக்குச் சென்னைக்கு மாற்றலாயிற்று. சாமான்கள் ஸ்டேஷனுக்குப் போன அன்று, அவர்கள் கூடத்தில் நின்ற தொட்டிப்பனையை மட்டும் நான்கு பேர் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். இரும்புப் பட்டை போட்ட மரத்தொட்டி. செடி என்னைவிட உயரம்.

"ரெண்டு மாசம் பாத்துக்கிடச் சொல்லிருக்காங்க. பொறவு ஆள் அனுப்புவாங்களாம்" என்றார் கணவர். அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

எங்கள் முன்னறையில் பாதியை அது எடுத்துக்கொண்டது. பாயை மடக்கித்தான் விரிக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்காவிட்டால் ஒருபுறமாகச் சாயும். பழைய வேட்டித் துணியை நனைத்து ஒவ்வோர் ஓலையாகத் துடைப்பேன். குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர்வரை வருகிற மாதங்களில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர் அழுகும். கோடையில் ஓலைக்கடியில் மாவுப்பூச்சி. எல்லாம் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

தெருவில் கல்யாணம் என்றால் முதலில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "ஏட்டி, செடியக் கொஞ்சம் குடு. மாப்பிள்ளைக்குப் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்துட்டுத் தந்திருதோம்" என்பார்கள். ஓலை முறிந்துதான் திரும்பி வரும். கணவர் என்னிடம்தான் கோபிப்பார்.

முதல் பிரசவத்துக்குக் கடையத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்து முப்பது நாள்கூட ஆகவில்லை, கணவரிடமிருந்து கார்டு வந்தது. 'ஓலையெல்லாம் பழுக்குது. என்ன செய்யன்னு தெரியல. வர முடியுமா?' குழந்தையைப் பற்றி ஒரு வரி இல்லை. அம்மா கார்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் வண்டி கட்டச் சொன்னேன்.

ஆறு வருஷம் ஆயிற்று. ஆள் வரவில்லை. ஓர் ஆனி மாதம் மேலதிகாரியின் மனைவி குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர், போகிற வழியில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பனையை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை இன்னுமா வெச்சிருக்கே?"

"நீங்க பாத்துக்கிடச் சொன்னீங்களே."

"ரயில்ல ஏத்த முடியாதுன்னு விட்டுட்டுப் போனோம். வேண்டாம்னா தூக்கிப் போட்டிருக்கலாமேம்மா." நல்ல மனசோடுதான் சொன்னார்.

கணவர் சாயங்காலம் வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றியவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்படியா சொன்னாங்க?"

"ஆமா."

"யாருக்காவது குடுத்திருவோமா?"

எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். அதைத் தூக்க நான்கு பேரைக் கூப்பிட வேண்டும், வருகிறவர்களுக்குக் காபி போட வேண்டும், தரையில் படிந்த கறையைத் தேய்க்க வேண்டும். "நிக்கட்டும்" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் படுத்தே கிடந்தேன். முன்னறையில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. அவர் துணியை நனைத்து ஓலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே துடைக்க வேண்டும். அவர் கீழிருந்து மேலே துடைத்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.