ஆயுத பூஜையன்று திறந்திருந்த டிரம்

மியூனிக்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் ஒன்பது வாஷிங் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் பிளக்கிலும் ஒரு சின்னப் பூட்டு. வந்த முதல் வாரம் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஹூபர் அம்மாளிடம், "எதற்குப் பூட்டு? இங்கே திருடர்கள் இருக்கிறார்களா?" என்று என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. "யாரும் யாரிடமும் போய்க் கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது. அதற்காக" என்றார். நீ வந்து என்னிடம் எதையும் கேட்டுவிடாதே என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டு, ஆறு மாதம் அவரிடம் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஊரில் என் மெஷினை ஓட்டினாயா என்று கேட்பதும் கேட்கப்படுவதும் கூச்சமான காரியம் என்பதும், அந்தப் பூட்டு இரண்டு பக்கத்துக் கூச்சத்தையும் காப்பாற்றும் மரியாதை என்பதும் பிறகுதான் புரிந்தது. அம்பத்தூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மிக்ஸி கெட்டால் மூன்று வீட்டுத் தேங்காய் நான்காவது வீட்டில் அரைபடும். அதிலிருந்து வந்தவளுக்கு இதெல்லாம் சட்டென்று ஏறாது.

என் பிழைப்பும் பூட்டு சம்பந்தப்பட்டதுதான். நிறுவனங்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுத்தரும் ஒரு தனியார் அலுவலகத்தில் தேடுபவளாக இருக்கிறேன். ஒரு நிறுவனம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்று வந்தால், அதே பொருளை அதற்கு முன் உலகத்தில் யாராவது, எந்த மூலையிலாவது, வெளிப்படையாகக் காட்டியிருக்கிறார்களா என்று நான் தேடிப் பார்க்க வேண்டும். காட்டியிருந்தால் பூட்டுப் போட முடியாது. காட்டவில்லை என்றால் இருபது வருடத்துக்குச் சாவி அவர்களுடையது. இந்த வேலையில் ஊரில் ஏழு, இங்கே நாலு என்று பதினோரு வருடம் ஓடிவிட்டது. எனக்கு இது பிடித்த வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்கள் நினைப்பது போல இது வெறும் பணக்காரர் விளையாட்டு அல்ல.

பனி விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அருள் அண்ணன் கூப்பிட்டான். என் கூடப் பிறந்தவன். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று என்று இரண்டு வரிச் செய்தி அனுப்புவதோடு சரி, மூன்று வருடமாக எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

"ஸ்டெல்லா, வேலையா கீறியா?" என்றான். "ஒரு ஆளு வந்தான். நம்ம டிரம்மு மாட்டுன மூணு கம்பெனிக்குப் போயி, இது எங்க சரக்கு, பேட்டன்ட் வரப்போவுது, அதுக்கப்பால ஓட்டுனீங்கன்னா கேஸ்தான்னு சொல்லிட்டுப் போய்ட்டான். மூணு பேரும் பயந்துகினு கழட்டி வெச்சிட்டாங்க. இன்னும் எட்டுப் பேரு கீறாங்க. நான் இன்னா பண்றதுன்னு சொல்லு."

விண்ணப்ப எண்ணை அனுப்பச் சொல்லி, என் மேசையிலேயே அதைத் திறந்தேன். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணனின் டிரம் அப்படியே இருந்தது, அழகான கோடுகளில். திருடினார்களா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். ஒரே தலைவலிக்கு இரண்டு ஊரில் ஒரே மருந்து தோன்றுவதை நான் வாராவாரம் பார்க்கிறேன். ஆனால் அடுத்த வரிதான் என்னைத் தூக்கிப் போட்டது. இது இந்தியாவில் போட்டது; இதற்கு மூலமான ஐரோப்பிய விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தது எங்கள் அலுவலகம். முன்பே இருந்ததா என்று தேடியவர் என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவர். கெட்டிக்காரர், விட்டுவைக்க மாட்டார். அவருக்கு ஏன் எதுவும் கிடைக்கவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கும் என் அண்ணனுக்கும்.

அந்த டிரம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பீரோ, சைக்கிள் சட்டம், மின்விசிறி இறக்கை என்று எல்லாவற்றுக்கும் பவுடர் பெயின்ட் அடித்து ஓவனில் சுடுவார்கள். கேஸ் எரிந்துகொண்டே இருக்கும், பாதிச் சூடு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். அந்தச் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் கருவிகள் உண்டு. ஆனால் புகையில் ஒரு பிசுக்கு இருக்கிறது. நாலு வாரத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். அருள் அண்ணன் காயலாங்கடையில் பழைய வாஷிங் மெஷின் டிரம் ஒன்றை வாங்கினான், உடம்பெல்லாம் ஓட்டை உள்ள எவர்சில்வர் டிரம். அதில் முக்கால் பங்கு பீங்கான் உருண்டைகளைப் போட்டு, ஒரு பக்கம் வெளியே போகும் புகையிலும் மறு பக்கம் உள்ளே வரும் காற்றிலும் இருக்கும்படி மெல்லச் சுற்றவிட்டான். இந்தப் பக்கம் சூட்டை வாங்கும் உருண்டைகள் அந்தப் பக்கம் போய்க் கொடுத்துவிடும். சுற்றும்போது ஒன்றோடொன்று உரசிப் பிசுக்கும் தானாக உதிர்ந்து கீழே தட்டில் விழும். மூன்று சிலிண்டர் ஆகும் இடத்தில் இரண்டு போதும் என்றான். அவன் படித்தது ஐ.டி.ஐ. நான் பெருமையில் அழுதேன்.

அழுது முடித்த கையோடு எச்சரிக்கையும் செய்தேன். "யார்கிட்டயும் காட்டாதீங்கண்ணா. விண்ணப்பம் போடற வரைக்கும் ஒரு ஆளுக்குக்கூடத் தெரியக்கூடாது. லீவுல வந்து நானே எழுதித் தரேன்." சரி சரி என்றான். நடுவில் ஆயுத பூஜை வந்தது.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்று எந்தப் பட்டறைக்கும் கதவு கிடையாது. மெஷின்களைக் கழுவி, மூடியைக் கழற்றி, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலையோடு எதிரி பட்டறைக்காரனையும் உள்ளே கூப்பிடுவார்கள். புது மெஷின் வந்திருந்தால் அதைச் சுற்றி நின்று தொட்டுப் பார்த்து ஆயிரம் கேள்வி கேட்பார்கள். மறைத்து வைத்தால் மெஷினுக்கே ஆகாது என்பார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள், ஆனால் அப்பா காலத்திலிருந்து எங்கள் பட்டறையில் சிலுவைப் படத்துக்குக் கீழேயே பூஜை நடக்கும். அந்த வருடம் அண்ணன் டிரம்மின் மூடியைக் கழற்றிச் சுழலவிட்டு, எனக்கும் காட்டலாம் என்று வீடியோ காலில் கூப்பிட்டு, போனைச் சுவர்ப் பலகையில் சாய்த்து வைத்தான். திரையில் முப்பது தலைகள் தெரிந்தன. அண்ணன் ஒவ்வொரு உருண்டையையும் விளக்கிக்கொண்டிருந்தான்.

நான் கத்தினேன். "மூடுங்கண்ணா! மூடுங்க! உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? எல்லாம் போச்சு!" பொரி வாங்க நின்றவர்கள் எல்லாரும் போனைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு மூன்று வருடம் அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. சாயங்காலம் அவன் அந்த டிரம்மின் வீடியோவை நெட்டில் வேறு போட்டிருப்பது தெரிந்து, மறுபடி கூப்பிட்டுத் திட்டி அதை அழிக்க வைத்தேன். எஸ்டேட்காரர்களின் வாட்ஸப் குரூப்பிலும் அழிக்கச் சொன்னேன். இரண்டையும் அழித்தான். ஒரு முறை வெளியே காட்டியதற்கு அவனால் இனி உரிமை கேட்க முடியாது, அது முடிந்துபோன கதை. அழித்ததால் அது திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும் கோபத்தில் அழிக்க வைத்தேன். அதோடு, இன்னொருவர் உரிமை கேட்டு வந்தால் தடுக்க இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிட்டேன்.

குடும்ப வேலை என்று பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அண்ணன் அம்பத்தூருக்குப் பக்கத்து ஆவடி ரயிலடிக்கே வந்திருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டான், சாப்பிட்டியா என்றான், டிரம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குத் திட்டை விட அதிகமாக வலித்தது. அந்த நிறுவனத்துக்கு உரிமை எந்த நாளிலும் வழங்கப்பட்டுவிடலாம். அதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். வழங்கப்பட்ட பின் அதே வேலைக்கு வழி நீளம், வருடக்கணக்கு. எங்களுக்குத் தேவை, அவர்கள் விண்ணப்பித்த நாளுக்கு முன் தேதியிட்ட ஒரே ஒரு காட்சி. ஐந்து நாள் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். எல்லாருக்கும் அன்றைய நாள் ஞாபகம் இருந்தது, என் கத்தல் உட்பட. படம் மட்டும் ஒருவரிடமும் இல்லை.

பக்கத்து லேத் பட்டறை தனசேகர் தலையைச் சொறிந்தார். "இன்னா தங்கச்சி, அன்னிக்கு நான் எடுத்தேன்தான். அந்த போனு மழையில காவாயில வுழுந்து போச்சே. அருளு மச்சான் அழிச்சிடுன்னு சொன்னாரா, குரூப்புலயும் அழிச்சிட்டேன். நீ சொன்னன்னுதான் சொன்னாரு."

"தெரியும்ணா" என்றேன்.

ஆறாம் நாள் தனசேகரின் மனைவி கலா சென்னீர்குப்பம் வீட்டிலிருந்து பட்டறைக்கே வந்தார். "இவரு நேத்துதான் சொன்னாரு. நம்ம நித்யா பொரிப் பையை மாட்டிக்கினு ஆடுனத நான் எடுத்து எங்க அம்மா ஊட்டுக்காரங்க பாக்கட்டும்னு நெட்டுல போட்டேன். அத யாரும் அழிக்கச் சொல்லலியே" என்றார். ஒன்றரை நிமிட வீடியோ. முன்னால் மூன்று வயதுக் குழந்தை ஆடுகிறது. பின்னால் மூடி இல்லாத டிரம் சுற்றுகிறது, உருண்டைகள் புரள்கின்றன, தட்டில் பிசுக்கு விழுகிறது, அண்ணனின் குரல் ஒன்று விடாமல் விளக்குகிறது. கீழே தேதி. அவர்களின் விண்ணப்பத்துக்கு ஐந்து மாதம் முன்பு. நான் வந்த பிறகு முதல் தடவையாக அண்ணன் என் தோளைப் பிடித்தான்.

அன்றே வண்டியில் குமணன்சாவடிக்குப் போனோம். அங்கே மருந்துக்கடை மாடியில் மகேஸ்வரி என்ற காப்புரிமை முகவர் இருக்கிறார். வழியில் அண்ணனிடம் கேட்டேன், இது ஜெயித்தால் டிரம் யாருக்கும் சொந்தமில்லை, உங்களுக்கும் இல்லை, பரவாயில்லையா என்று. "எனக்கு சொந்தமா இருந்துச்சுன்னா மட்டும்? மூணு வருசத்துல பதினோரு டிரம்மு பண்ணேன். அந்தக் கம்பெனி நெனச்சா ஒரு வருசத்துல ஆயிரம் பண்ணும். பண்ணட்டுமே, கேஸு மிச்சம், பொக மிச்சம். என் பதினொண்ணையும் கழட்டாம வுட்டா போதும்" என்றான். பூட்டு இருந்தால்தான் பெரிய நிறுவனம் நம்பிப் பணம் போடும், கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதி வைக்கும், பத்து நாட்டுக்கு எடுத்துப்போகும் என்று பதினோரு வருடமாக நான் சொல்லிவந்தது பொய்யில்லை. அதே பூட்டு, அவர்கள் போக நினைக்காத சந்தில் தானாக முளைத்த ஒன்றைப் பிடுங்கவும் செய்கிறது. எரிகிற கேஸுக்கு இருபது வருடம் காத்திருக்கத் தெரியாது. பூந்தமல்லி சாலைப் புழுதியில் அண்ணன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் மனதுக்குள் வாதாடிக்கொண்டே போனேன்.

மகேஸ்வரி மேடம் வீடியோவை மூன்று முறை பார்த்தார். நாலாவது முறை ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்தச் சத்தம் போடறது யாரு?"

டிரம்முக்குப் பின்னால், சுவர்ப் பலகையில் சாய்ந்திருந்த போனில் ஒரு முகம். தனசேகர் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், போனும் மெஷின்தானே என்று அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்திருந்தார். பொட்டுக்குக் கீழே கம்பளிச் சட்டையில் நான் கத்திக்கொண்டிருந்தேன். மூடுங்கண்ணா, மூடுங்க.

"நான்தான் மேடம்."

"ரொம்ப நல்லது. திறந்திருக்காத ஒண்ண யாரும் மூடச் சொல்ல மாட்டாங்க" என்றார் அவர். "வீடியோவுக்கு மேல, பார்த்தவங்களோட பிரமாணப் பத்திரமும் வேணும். நீங்க இந்தத் துறையில இருக்கறவங்க. உங்க வார்த்தைக்குக் கனம் அதிகம். ஆனா அந்தக் கம்பெனி உங்க ஆபீஸோட கட்சிக்காரங்கன்னு சொல்றீங்க. யோசிச்சுக்குங்க."

கட்சிக்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடாது என்று எங்கள் வேலை ஒப்பந்தத்தில் ஒரு பத்தியே இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் வேலை போகும். வேலையோடுதான் என் விசாவும்.

"அவ வேணாம் மேடம்" என்றான் அண்ணன் அவசரமாக. "நாங்க முப்பது பேரு பாத்தோம், நாங்க போடறோம். அவ பொழப்ப ஏன் கெடுக்கணும்? அவ அன்னிக்கு அங்க இல்லவே இல்ல."

கடைசி வாக்கியத்தை என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். ஆனால் அது உண்மையில்லை. அன்று எல்லார் முன்னாலும் அவனை அவமானப்படுத்தும் அளவுக்கு நான் அங்கே இருந்தேன். இப்போது மட்டும் எப்படி இல்லாமல் போவேன்? பேனாவை வாங்கினேன்.

பத்திரத்தில் ஒரு கோடு இருந்தது. மேற்படி நாளில் நான் இருந்த இடம் என்று அச்சிட்டு, கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தார்கள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். எங்கே இருந்தீர்களோ அதை எழுதுங்கள் என்றார் மேடம், சர்வ சாதாரணமாக. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மியூனிக் என்று எழுதினேன். அது பொய்யில்லை. எழுதிவிட்டுப் பார்த்தபோது அது முழுசாக இல்லை என்று பட்டது. பக்கத்திலேயே அம்பத்தூர் என்றும் எழுதினேன். ஒரு ஊருக்குத்தான் அங்கே இடம் விட்டிருந்தார்கள். முதல் ஊர் கோட்டுக்குள் அடங்கியது. இரண்டாவது, கோட்டைத் தாண்டி, தாளின் விளிம்பு வரை போய் நின்றது.