வலது காலில் கியர்

என் மகள் ஸ்பெயின் நாட்டுப் பழைய மோட்டோகிராஸ் பைக் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். மண்மேடுகளில் தாவி ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. நாற்பது வயதில் இவளுக்கு இது தேவையா என்று எனக்கு ஆத்திரம். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அவளுக்குத் தெரியாமல் அதை விற்க ஆளை வரவழைத்தேன். கல்லூரியில் பாடம் நடத்திய நான் செய்த காரியம் இது.

வத்தலக்குண்டிலிருந்து வந்தவர் வண்டியைக் கிளப்பி, இடது காலால் மிதித்து மிதித்துப் பார்த்தார்.

"என்ன பெருசு, கியரே விழ மாட்டேங்குது? கொலுவுக்கு வாங்குனீகளா?"

"நீங்க மிதிக்கிறது பிரேக்கு அப்பு. கியர் வலது பக்கம். எங்க காலத்து வண்டியும் அப்படித்தான். எறங்குங்க, செத்த ஓட்டிக் காட்டுறேன்."

வீட்டுக்குப் பின்னால் வற்றிய கண்மாய். அதில் இறக்கினேன். வலது கால் தானாகவே கியரை மாற்றியது. ஒரு மேட்டில் ஏறியதும் இரண்டு சக்கரங்களும் தரையை விட்டன. பயத்தில் கத்துகிறேன் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தேன். வண்டியை மறுபடி அதே மேட்டுக்குத் திருப்பினேன்.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, மாலையில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தாவுனீகளா?" என்றாள்.

"ரெண்டு தடவ."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேப்பா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அவள் என்னை மன்னித்தாளா, தெரியவில்லை. அன்று நான் விற்காமல் விட்டது அவளுக்காகவா, அந்த மேட்டுக்காகவா என்பதும் எனக்குத் தெரியவில்லை.