பதினொன்றேகாலும் ஆறு மணித்தியாலமும்

என் மாமாவைப் போல விரலில் கணக்குப் பார்க்கிற மனிதரை நான் பிறகு எங்கும் கண்டதில்லை. பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். உதடு மெல்ல அசையும். கடைசியில் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்கு எங்கள் குடும்பத்தில் மறுபேச்சுக் கிடையாது. உம்மாவின் ஒரே தம்பி அவர், சொந்தமாக ஒரு சின்ன லொறி ஓட்டுகிறவர். அவருடைய எண்ணை ஒரே ஒரு தடவை நான் பிழை என்று சொன்னேன். அப்போது எனக்குப் பத்து வயது.

வாப்பா மௌத்தாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. குறிஞ்சிப்பிட்டியில், கடல்நீர்க் களப்பு ஓரமாக, அவர் எங்களுக்கு விட்டுப்போனது ஓர் இறால் குளம். வாப்பாவின் மூத்த அண்ணன், உம்மா நானா என்று கூப்பிடுகிற பெரியவாப்பா, அதை யாருக்காவது குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்றார். பெண்பிள்ளை தனியாக இறால் வளர்ப்பதாவது என்பது அவருடைய எண்ணம். உம்மா யாரிடமும் எதிர்த்துப் பேசாதவர். இதில் மட்டும், "ஒருக்கா வளத்துப் பாக்குறன் நானா" என்றார். பெரியவாப்பா சம்மதித்தார். ஒருக்கா என்றால் ஒருக்காதான் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த ஒருக்காவுக்கான குஞ்சு எடுக்கத்தான் ஓர் ஆவணி விடுமுறையில் நாங்கள் மூவரும் மாமாவின் லொறியில் சிலாபத்துப் பக்கம் போனோம். என்னை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் நானும் போனேன். கடலோரத்தில் பெரிய பெரிய தொட்டிகளில் இறால் முட்டையைப் பொரிக்க வைத்து விற்கிற இடம் அது. ஒவ்வொரு குஞ்சும் கண்ணிமை மயிரின் அளவுதான் இருக்கும். தண்ணீர் கொஞ்சமும் ஒட்சிசன் மிச்சமுமாக ஊதிக் கட்டிய பொலித்தீன் பைகளில் அவற்றை அடைத்து, வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிகளில் வைத்துத் தந்தார்கள். கட்டிக் கொடுத்த ஆள் எல்லாப் பெட்டி மூடியிலும் கறுப்பு மையால் 11.15 என்று எழுதினார்.

"ஆறு மணித்தியாலம். அதுக்குள்ள குளத்துல விட்டிடணும். அதுக்குப் பிறகு பைக்குள்ள காத்து காணாது" என்றார்.

மாமா லொறியின் கதவில் சாய்ந்து நின்று எண்ணினார். பதினொன்றேகால், பன்னிரண்டேகால், ஒன்றேகால், இரண்டேகால், மூன்றேகால், நாலேகால். ஆறு கணு முடிந்தது. "நாலேகாலுக்குள்ள விடணும்" என்றார். 

எனக்குள் வேறு ஒரு கணக்கு ஓடியது. பதினொன்றேகாலும் ஆறும் பதினேழேகால். பன்னிரண்டைத் தாண்டினால் பன்னிரண்டைக் கழிக்க வேண்டும் என்று ஐந்தாம் ஆண்டில் படித்திருந்தேன். கழித்தால் ஐந்தேகால் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்களுடைய கணக்கில் பிள்ளைகளுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும் என்று நம்பினேன். வழக்கமாக மூன்று மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்கிற பாதை. எந்தக் கணக்கு சரியானாலும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பாலாவிச் சந்தியில் லொறியின் பெல்ட் அறுந்தது. புதிய பெல்ட் தேடி வாங்கி மாட்டி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் போனது. அங்கிருந்து கற்பிட்டி வீதியில் திரும்பி நுரைச்சோலையை நெருங்கியபோது, முன்னால் போன வாகனங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. தலவிலத் தேவாலயத் திருவிழா. பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் பாய்ச் சுருளைத் தலையில் வைத்து நடந்துபோகிற குடும்பங்களுமாக வீதி அடைத்துக் கிடந்தது. கால் மணித்தியாலத்தில் நாங்கள் நகர்ந்தது இரண்டு வீட்டுத் தூரம். உம்மாவின் கைபேசியில் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.

அப்போதுதான் ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளில் வந்து மாமாவின் பக்கம் நிறுத்தினார். அந்தப் பகுதியில் இறால் குளங்கள் வைத்திருப்பவர், மாமாவுக்குப் பழக்கமானவர். பெட்டிகளைப் பார்த்ததும் விசயம் அவருக்கு விளங்கிவிட்டது.

"என்ட குளம் இந்தா கிட்டத்தான் இரிக்கி. தண்ணி நிரப்பி எல்லாம் ரெடி. அங்க இறக்குங்க. அடுத்த முறை குஞ்சு எடுக்கக்குள்ள உங்களுக்குத் தாறன்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அடுத்த முறை என்று ஒன்று எங்களுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியாது. உம்மா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை என் முழங்காலின் மேல் இருந்தது.

மாமா அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "ராத்தா, நாலேகாலுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான். பையைத் திறக்க முந்தி, தண்ணிச் சூடு ஒத்துப்போக அரை மணித்தியாலம் குளத்துல மிதக்கவும் விடணும். அப்பிடிப் பாத்தா மூண்டே முக்காலுக்கு நாம வீட்ட நிக்கணும். இந்த நெரிசல்ல ஏலுமா? செத்துப் போறதுக்கு இவர்ட குளத்திலயாவது உசிரோட இரிக்கட்டும்."

உம்மா மெதுவாகத் தலையாட்டினார்.

"நாலேகால் இல்ல மாமா. அஞ்சேகால்" என்றேன்.

"பள்ளிக்கூடத்துக் கணக்க ரோட்டுக்குக் கொண்டு வராத மகள்" என்றார் மாமா. கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு, எனக்குத் தெரியட்டும் என்று கையை என் முகத்துக்கு முன் நீட்டி மறுபடி எண்ணினார். பதினொன்றேகாலில் தொடங்கி நாலேகாலில் முடித்தார். ஆறு கணு. நானும் கூடவே எண்ணினேன். ஆறுதான்.

என் கணக்கில் பிழை இல்லை. அவர் எண்ணியதும் ஆறுதான். இரண்டும் எப்படிச் சரியாகும்? பின்னாலிருந்து ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. மோட்டார் சைக்கிள்காரர் இறங்கி, பெட்டிகளைக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தார். நான் மாமாவின் பெருவிரலைப் பிடித்து முதல் கணுவிலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

"இது பதினொண்டேகால். அப்பதானே பையைக் கட்டினாங்க?"

"ஓம்."

"கட்டி முடிச்ச உடனேயே ஒரு மணித்தியாலம் போயிட்டா, மாமா?"

மாமாவின் பெருவிரல் அந்தக் கணுவிலேயே நின்றது.

"பன்னிரண்டேகாலுக்குத்தானே ஒரு மணித்தியாலம் முடியிது. அதைத்தான் ஒண்டு எண்டு எண்ணணும்."

அவர் பன்னிரண்டேகாலிலிருந்து எண்ணினார். ஆறாவது கணுவில் ஐந்தேகால் வந்து நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். பிறகு, ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அஞ்சேகால்தான்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. 

"தம்பி, எடு லொறிய" என்றார் உம்மா.

மோட்டார் சைக்கிள்காரர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். சற்று யோசித்துவிட்டு, "ரோட்டால போனா மஃரிபுத் தொழுகைக்கும் போய்ச் சேர மாட்டீங்க. என்ட பின்னால வாங்க" என்றார். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணல் பாதை இருந்தது. அவர் முன்னால் போய், எதிரே வந்த ஓர் உழவு இயந்திரத்தை ஒதுங்க வைத்து, ஒரு தோட்டக்காரரிடம் கெஞ்சிப் படலையைத் திறக்க வைத்து, நெரிசல் முடிகிற இடத்தில் எங்களைத் திரும்ப வீதியில் ஏற்றிவிட்டுக் கையசைத்தார். அந்தப் பாதையில் லொறி ஆடிய ஆட்டத்தில் உம்மா ஓதியதெல்லாம் துண்டு துண்டாகக் கேட்டது.

"மகள், அரை மணித்தியாலம் மிதக்க விடணும். அப்ப எத்தனைக்குப் போய்ச் சேரணும்?" மாமா கேட்டார். அவர் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. அதனால்தான் என்னிடம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாலே முக்கால்."

நாலு முப்பத்திரண்டுக்கு எங்கள் குளத்து வரம்பில் லொறி நின்றது. 

பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காத்திருந்த அந்த அரை மணித்தியாலம், காலையிலிருந்து ஓடிய நேரம் முழுவதையும்விட நீளமாக இருந்தது. பிறகு உம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு பையாக வாயைப் பிரித்துச் சரித்தார். குஞ்சுகள் ஒரு கணம் சாம்பல் நிறப் புகைபோல் தெரிந்தன. அடுத்த கணம் சீனி கரைகிற மாதிரிக் குளத்துக்குள் காணாமல் போயின. உம்மா உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரை அள்ளி, வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார்.

"துள்ளுது" என்றார். வாப்பா போன பிறகு அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கடைசிப் பை காலியானபோது ஐந்து மணி எட்டு நிமிடம். "இன்னும் ஏழு நிமிசம் மிச்சம்" என்று நான் அந்தக் களப்புக்கே கேட்கும்படி அறிவித்தேன். மாமா, பத்து வயதுப் பிள்ளை என்றும் பாராமல், என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி வரம்பில் நடந்தார். மேலேயிருந்து பார்த்தபோது குளம், களப்பு, தென்னைகள், வரம்பில் வந்து நின்ற அயல்வீட்டார் எல்லாமே எனக்குக் கீழே இருந்தன. அப்படி ஓர் உயரத்தில் நான் பிறகு இருந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு மனவருத்தம் தொடங்கியது. மாமா அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தேத்தண்ணிக் கடையில் சரியாகத்தான் சொன்னார். அடுத்த நாள் மீன் ஏற்றுகிற இடத்தில், அவர் கணக்குப் பார்த்தது மூன்றேகால் என்று ஆனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பெரியவாப்பா வீட்டில் சாப்பிட்டபோது, அவர் இரண்டேகாலுக்கே நம்பிக்கை இழந்து, பெட்டிகளைக் களப்பில் கொட்டப் போய், இந்தப் பிள்ளைதான் கையைப் பிடித்து நிறுத்தியதாகச் சொன்னார். பொதுவில் சாப்பிடும் பெரிய சோற்றுச் சகனைச் சுற்றியிருந்தவர்கள் அவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நாலேகால் எண்டுதானே மாமா செல்லினீங்க" என்று நான் திருத்தினேன்.

"நீ சும்மா இரி மகள்" என்றார்.

பெரியவாப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "ஒம்பதே முக்காலுக்கு ஒரு லொறி வெளிக்கிட்டு ஒம்பது மணித்தியாலம் ஓடினா?" என்றார்.

"ஆறே முக்கால். பின்னேரம்" என்றேன், அவர் கேட்டு வாய் மூடும் முன்னே.

அவர் கை கழுவ எழுந்துபோனார்.

அந்த வருட முடிவில் உம்மா இறால் பிடித்தார். வாப்பாவின் காலத்தில்கூட அந்தக் குளத்தில் அப்படி விளைந்ததில்லை என்று பெரியவாப்பாவே சொன்னார். குத்தகைப் பேச்சு அதோடு நின்றது. ஐந்தாம் ஆண்டோடு எனக்குப் படிப்புப் போதும், வீட்டில் உம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவர் உம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லியிருந்த பேச்சும் நின்றது. அப்படி ஒரு பேச்சு இருந்ததே எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும். தைமாதம் என்னைப் புத்தளத்தில் ஒரு பெரிய பாடசாலையில் சேர்த்தார்கள். நான் கெட்டிக்காரி என்பதால் சேர்த்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் விடியலில் பஸ் ஏற்றிவிட வந்தது மாமாதான். நான் ஜன்னல் பக்கம் இருந்துகொண்டு, பெரிய மனுசியைப் போல அவருக்குப் புத்தி சொன்னேன்.

"இனியாவது அந்தக் கதையச் சரியாச் செல்லுங்க மாமா."

"ஓம் மகள்" என்றார்.

அதன் பிறகு அவர் அந்தக் கதையை யாருக்கும் சொல்லவேயில்லை. நான் சொன்னதற்காக நிறுத்திவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.