சனிக்கிழமை மாத்துன பேரிங்

எங்க பழைய காரு தட்டுற சத்தம்தான் மொதல்ல ஞாபகம் வருது. குக்கருக்குள்ள உக்காந்து யாரோ கரண்டியால தட்டுற மாதிரி டக்கு டக்குன்னு கேக்கும், மிதிக்க மிதிக்க வேகமாகும், ஹில்க்ராஃப்ட் சிக்னல்ல நின்னா பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடிய எறக்கிப் பாப்பான். எங்கப்பா கரூர்ல லாரிப் பட்டறையில இருந்தவரு, ஹூஸ்டனுக்கு வந்து ஓட்டல்ல சமையலுக்கு நின்னவரு. சத்தத்தக் கேட்டதும், "பிக்கெண்ட் போச்சு, என்ஜினுக்குள்ள பேரிங் அடிவாங்கிருச்சு. இத இனி எடைக்குத்தான் போடோணும்"னு சொல்லிட்டு ஓட்டல் வேன்ல ஏறிப் போக ஆரம்பிச்சிட்டாரு.

எங்கண்ணன் செந்தில் விடல. அவனுக்குப் பத்தொம்பது வயசு, எனக்குப் பதினாறு. ரெண்டு பேருக்குமே ஸ்கூல் சரிப்படல. இங்கிலீஷ்ல கேட்டா எந்திரிச்சு நின்னு முழிச்சது போதும்னு நானும் பாதியில நின்னுட்டேன். அண்ணனுக்குப் பேர்லேண்ட்ல ஒரு கிடங்குல வேலை கெடச்சிருந்துச்சு, ஆனா கார் இல்லாம அங்க போக முடியாது. எதிர்வீட்டு பானு ஆன்ட்டிதான் பாவம் பாத்து வேன்ல கொண்டுபோய் விட்டுட்டிருந்தாங்க, அவங்களும் பிளானோவுக்கு வீடு மாத்தப் போறாங்க. அப்பா ஒரு நாள் சோத்துல கைய வெச்சுக்கிட்டே சொன்னாரு: "ஆன்ட்டி போறதுக்குள்ள வண்டி ஓடோணும். இல்லீன்னா இவனுக்குக் கரூருக்கு டிக்கெட் போட்டுருவேன், மாமன் பட்டறையில கெடக்கட்டும்." அப்பா சொன்னா செய்வாரு. எனக்கு அந்த வீட்ல பேசறதுக்கு வேற ஆளே இல்ல. அன்னிலேருந்து எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியல, வண்டி நிக்கிற கார்போர்ட்டுக்கும் அடுப்படிக்கும் நடந்துட்டே கெடந்தேன்.

என்ஜின எறக்கினோம். உள்ள சுத்துற தண்டக் கடைசல் கடையில குடுத்தோம். அந்தத் தண்டப் புடிச்சுக்கிட்டிருக்கிற பேரிங்குதான் தேஞ்சு போயிருந்துச்சு. பேரிங்குன்னா குண்டு வெச்சதில்ல, அரைவட்டமா வளைஞ்ச தகடு, ரெண்டு சேந்தா ஒரு வளையம். அம்மா அதுக்கு "அரைவளையல்"னு பேரு வெச்சிருச்சு. தண்டு சனிக்கிழமை கைக்கு வருது, அன்னிக்கே பேரிங்கும் வாங்கிக்கலாம்னு அண்ணன் சொன்னதுதான் தாமசம், அம்மா கரண்டியக் கீழ வெச்சிருச்சு.

"சனிக்கெழம இரும்பு வாங்கி ஊட்டுக்குள்ள கொண்டாருவியா நீயி?"

"அம்மா, இது அலுமினியம்."

அம்மா தேஞ்ச பேரிங் ஒண்ண எடுத்துட்டுப் போய், ஃப்ரிட்ஜுல ஒட்டியிருந்த பீட்சாக் கடைக் காந்தத்துல வெச்சுச்சு. சப்புன்னு புடிச்சுக்கிச்சு. "மேலதான் அலுமினியம். முதுகு இரும்புடா சாமி"ன்னுச்சு.

அப்பறம் என்ன பண்ணறது. வெள்ளிக்கெழமை, வளர்பிறை வேற, அன்னிக்கே போய் வாங்கிட்டு வான்னு பானு ஆன்ட்டி வேன்ல அம்மா அவன ஏத்தி விட்டுருச்சு. தண்டு அப்பத்தான் மிஷின்ல ஏறியிருக்கு, அளவு யாருக்கும் தெரியாது. பாலீஷ் போட்டாலே போதும்னு அண்ணனா நெனச்சுக்கிட்டு, அதே கடைசல் கடையில கம்பெனி அளவுலயே ஒரு செட் வாங்கிட்டு வந்துட்டான்.

சனிக்கெழமை தண்டு வாங்கப் போனப்ப அம்மா, அண்ணன், நான் மூணு பேரும் ஆன்ட்டி வேன்ல போனோம். கவுன்ட்டர்ல இருந்த தாடிக்காரப் பெரியவரு, தண்டுல கீறல் ஆழமா இருந்துச்சு, கடைஞ்சு மெலிசாக்கித்தான் சரி பண்ணினோம்னாரு. தண்டு எளச்சிருச்சுன்னா பேரிங் தடிமனாயிருக்கோணும். நேத்து வாங்குனது லொடலொடன்னு ஆடும்.

அம்மாவுக்குச் சொன்னதும், "எளச்சா ஜாக்கெட்டப் புடிச்சுத் தெக்கறதில்லையா, அது மாதிரித்தான?"ன்னு கேட்டுச்சு.

அண்ணனுக்குக் கோவம். "நேத்தே வாங்கு வாங்குன்னு தொரத்துனது நீதான. இப்ப என்ன பண்ணச் சொல்றே? திங்கக்கெழமைன்னா வேலைக்குப் போகோணும், நாளைக்குக் கடை மூடியிருக்கும்."

அம்மா நேத்து வாங்குன டப்பாவ எடுத்துக் கவுன்ட்டர் மேல வெச்சுச்சு. "வாங்கறதுதான் ஆகாது. நேத்தே வாங்கியாச்சில்ல? இப்ப மாத்தறோம். மாத்தறது தப்பில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இந்தச் சட்டம் எங்க எழுதியிருக்குன்னு அண்ணன் கேட்டான். "உங்கம்மா வாயில"ன்னுச்சு அம்மா.

பெரியவரு தடிமனான அளவுல ரெண்டு டப்பா எடுத்து வெச்சாரு. ஒண்ணு நேத்து வாங்குன அதே அலுமினிய ஜாதி. இன்னொண்ணு செம்பு கலந்து மூணு அடுக்குப் பூசுனது, ரேஸ் ஓட்டறவங்க போடறது. அண்ணனுக்குக் கண்ணு அங்கயே போயிருச்சு, அந்த டப்பாவ விட்டு வெரல எடுக்கல. கொஞ்சம் காசு சேத்துக் குடுத்தாப் போதும், எப்பவும் தட்டாதுன்னு கெஞ்சுனான்.

"ஒரு பைசா மேல வெச்சாலும் அது வாங்குன கணக்காயிரும். சமத்துக்குச் சமம்னா எடு, இல்லீன்னா நட."

கடைக்காரரு என்ன சண்டைன்னு கேட்டாரு. அண்ணன் மொகஞ்செவந்துபோய் அரைகுறையா சொன்னான். அவரு அம்மாவப் பாத்துத் தலையாட்டுனாரு, வேலைக்குப் போயி வர்ற வண்டிக்கு அலுமினியமே போடு, பொடித்தூசி வந்தாலும் அது தாங்கும், மத்தது வேகத்துக்குன்னாரு. அண்ணன் டப்பாவ வாங்கிட்டு வேன்ல ஏறி, வீடு வர வரைக்கும் பேசல. "ரேஸ்காரன் கோவிச்சுக்கிட்டான்"னு பானு ஆன்ட்டிகிட்ட நான்தான் போட்டுக் குடுத்தேன், தலையில ஒண்ணு வெச்சான்.

ஞாயித்துக்கெழமை வெயில்ல மாட்டுனோம். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவுல எண்ணெய் போறதுக்கு முடியளவு இடுக்கு வேணும். அதப் பாக்க ஒரு பச்சை மெழுகு நூல் உண்டு. தண்டு மேல வெச்சு, பேரிங் மூடிய மாட்டி போல்ட்ட முறுக்கி, திருப்பிக் கழட்டிப் பாத்தா, நூல் எவ்வளவு அகலமா நசுங்கியிருக்கோ அத வெச்சுச் சொல்லலாம். என் கைதான் சின்னது, அந்த வேலை எனக்கு. எல்லாம் சரியா வந்துச்சு, கடைசி ஒண்ணுல மட்டும் நூல் பட்டையா நசுங்கிக் கெடந்துச்சு. இடுக்கே இல்லைன்னு அர்த்தம். எண்ணெய் போகாது, ஒரு வாரத்துல என்ஜின் புடிச்சு நின்னுரும்.

"நூல் வெச்சது கோணலா இருக்கும். மூடு"ன்னான் அண்ணன். அவனுக்கு அவசரம், ஆன்ட்டி வீட்ல சாமான் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க.

நான் மூடல. "கழட்டுண்ணா. கழட்டலைன்னா நான் ஸ்பேனரத் தரமாட்டேன்"னு ஸ்பேனரக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கெட்ட வார்த்தை சொல்லிக்கிட்டே கழட்டுனான். பேரிங்கோட முதுகுல காஞ்சு ஒட்டியிருந்துச்சு, சந்தனம்.

அண்ணன் போட்ட சத்தத்துல அம்மா ஈரக்கையோட ஓடியாந்துச்சு. "பொட்டு வெக்கறதுக்கு இது என்ன புது ஃப்ரிட்ஜாம்மா?"

"பளபளன்னு இருக்கற பக்கம் வெக்கலியேடா. பின்னாடிதான வெச்சேன். மத்ததெல்லாம் தொடச்சே, இத மட்டும் உட்டது யாரு?"

சுரண்டித் தொடச்சுத் திருப்பி நூல் வெச்சோம். சரியா வந்துச்சு. அந்த வாரக் கடைசியில என்ஜின ஏத்தி, சாவியத் திருப்புனப்ப எண்ணெய் லைட்டு எரிஞ்சுது, எரிஞ்சுது, அணைஞ்சுது. தட்டல. அண்ணன் எறங்காமயே ஹாரன அமுக்கிக்கிட்டு ரோட்டுல போயிட்டான். அப்பா ஓட்டல்லேருந்து வந்து பானெட் மேல காத வெச்சுக் கேட்டாரு. டிக்கெட் பேச்ச எடுக்கவே இல்ல.

மூணு வருஷம் ஓட்டுனான். போன வருஷம் ஒரு மழையில, கூட வேலை பாக்கறவனோட காருல ஃப்ரீவேல வர்றப்ப ஆக்சிடென்ட்ல போயிட்டான். எங்க வண்டி அன்னிக்கு வீட்லதான் நின்னுச்சு, நல்லா இருந்துச்சு.

கடைசல் கடை இருந்த எடத்துல இப்ப மெத்தை விக்கறாங்க. கார்போர்ட்டு காத்துக்கு விழுந்து, அள்ளிட்டுப் போயிட்டாங்க. பானு ஆன்ட்டி போன் பண்ணுனா அம்மா எடுக்கறதில்ல. எனக்கு வீட்ல இருப்புக் கொள்ளாது, அந்த வண்டிய எடுத்துட்டு பேர்லேண்ட் வரைக்கும் போவேன், கிடங்கு வாசல்ல திருப்பிக்கிட்டு வருவேன். ஓட்டறப்பெல்லாம் ஒரே நெனப்பு. அன்னிக்கு அவன் சொன்ன மாதிரி அந்தப் பேரிங்க மூடியிருந்தா வண்டி ஒரு வாரத்துல நின்னுருக்கும். அப்பா அவன ஏத்தி அனுப்பியிருப்பாரு. எங்க மேல கோவத்துல கரூர்ல பட்டறையில உக்காந்திருப்பான், போன் பண்ணா எங்கிட்டப் பேசமாட்டேன்னு மாமாகிட்டக் குடுத்திருப்பான்.

பேசாத அண்ணனா இருந்தாலும் போதும் எனக்கு.