சாவிக்காரம்மாவும் என் வலது கையும்

என் தங்கை வாழ்க்கைப்பட்ட பிரெஞ்சுக் கிராமத்தில் மொத்தமே முப்பது வீடு. மலேசியாவில், ஈப்போ சிலிபினில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் ஒரு மாடிக்குக்கூடக் காணாது. நடுவில் எண்ணூறு வருடத் தேவாலயம். ஈப்போவில் எண்பது வருடக் கட்டடத்தைக் கண்டாலே நமக்குக் கை அரிக்கும், இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் போட்டுவிடுவோம். இவர்கள் சோம்பேறிகள், அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

தேவாலயம் எப்போதும் பூட்டியிருக்கும். சாவி எதிர்வீட்டு மூதாட்டியிடம். அந்த ஊரில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று தீர்ப்பதும் அவர்தான். ஆறு வருடமாகத் தங்கை தினமும் வணக்கம் சொல்கிறாள். சாவிக்காரம்மா தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். வாய் திறந்ததே இல்லை. நான் தேவாலயத்தைப் பார்க்கக் கிளம்பியபோது தங்கை எச்சரித்தாள்.

"அண்ணே, ஒழுங்கா இருங்க. ஒங்களப் பாத்துத்தான் என்னைய எடை போடுவாங்க. செருப்பக் கழட்டாதீங்க. சூடம் கீடம் வேணாம்."

"மூச்சாவது விடலாமா?"

"மெதுவா விடுங்கலா."

சாவிக்காரம்மா வந்து திறந்துவிட்டார். சாவி என் முழங்கை நீளம். உள்ளே சில்லென்று ஈரச்சுவர் வாடை. தூண் உச்சியில் நாக்கை நீட்டியபடி ஒரு கல் அரக்கன். சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. வாசலை ஒட்டிக் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு தொங்கியது. என்னுடையது ரப்பர் தோட்டத்துக் கோயிலில் வளர்ந்த கை. நுழைந்ததும் மணி அடிக்க வேண்டும், வந்திருக்கிறோம் என்று சாமிக்குத் தெரிய வேண்டாமா? மூளையைக் கேட்காமலே கை இழுத்துவிட்டது. சாமிக்கு மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்துபோனது.

அந்த ஊரில் நேரம் தவறி மணி அடித்தால் சாவு, இல்லாவிட்டால் தீ. கொஞ்ச நேரத்தில் ஊரே வாசலில் நின்றது, ஒருவர் வாளியோடு, ஒருவர் பாதி சவரம் செய்த முகத்தோடு. செத்தது யார் என்று எல்லாரும் சாவிக்காரம்மாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. விரல் மட்டும் என் மூக்குக்கு நேரே நின்றது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தங்கை நாலடி முன்னாலேயே போனாள். விமான டிக்கெட்டை நாளைக்கே மாற்ற முடியுமா என்று யோசித்துக்கொண்டு நடந்தேன்.

"என்னம்மா சொன்னாங்க?"

"அடுத்த தடவ வாரப்ப ஒங்க ரெண்டு கையையும் கட்டி இழுத்துட்டு வரணுமாம்."

"மன்னிச்சிரும்மா."

"அண்ணே, அடுத்த தடவன்னு சொன்னாங்கண்ணே." அவள் கண் கலங்கியிருந்தது. "ஞாயித்துக்கெழம தேவாலயத்துல பூ வைக்க வரச் சொல்லியிருக்காங்க. என்னைய மட்டும்."