மாமா பந்தியில் உட்காரவில்லை

என் கல்யாணத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தாலியோ மேளமோ அல்ல, ஒரு எவர்சில்வர் டப்பா. திருப்பரங்குன்றத்தில் மண்டபத்துக்குப் பின்புறம், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி இருந்த வேப்பமரத்தடியில், என் தாய்மாமன் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவித்த பாசிப்பயறு, வெள்ளரிக்காய்த் துண்டுகள், ஒரு முட்டை. உள்ளே முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எனக்கு மாலை எடுத்துக் கொடுத்தவர், பட்டு வேட்டி கசங்காமல் மடித்துக் கட்டிக்கொண்டு, திருடித் தின்பவர் மாதிரி வேகவேகமாக மென்றுகொண்டிருந்தார். கை கழுவ வந்த யாரோ பார்த்துவிட்டார்கள். பாயசம் இலைக்கு வருவதற்குள் செய்தி மண்டபம் முழுக்கப் போய்விட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் கை நனைப்பது என்பது வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை. பகையான வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ராசியாகிவிட்டால் முதல் வேலையாக உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். அப்படியிருக்க, மருமகன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சொந்தமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவதென்றால் என்ன அர்த்தம்? போதாக்குறைக்கு அவருக்கு ஒரு மகள் இருந்தாள், எனக்கு முறைப்பெண். நான் என்னோடு வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டேன். மாமா ஒரு நாளும் பெண் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் மகளுக்கும் என் மேல் பெரிய நாட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் கல்யாண வீட்டில் கூடும் சனத்துக்கு இதெல்லாம் எதற்கு? அவர்களுக்கு வேண்டிய கதை கிடைத்துவிட்டது.

அம்மா ஓடி வந்தாள். "அண்ணே, எம்மேல கோவம்னா நாலு அடி அடிச்சிட்டுப் போ. இப்படி எச்சி எலைக்குப் பக்கத்துல உக்காந்து எம் மானத்த வாங்காத" என்றாள். மாமா டப்பாவை மூடினார். "கோவமெல்லாம் இல்லத்தா. வயித்துக்குச் சேரல, அம்புட்டுதேன்." பின்னால் நின்ற ஒரு பெரியவர், "வயித்துக்குச் சேராதவரு முட்டை திங்கிறாராக்கும்" என்றார். அன்றைக்கு அந்தக் கிண்டலுக்கு நிறையப் பேர் சிரித்தார்கள்.

உண்மையான காரணம் அத்தைக்கு மட்டும்தான் தெரியும். சமயநல்லூரில் மாமாவின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "இன்னும் சர்க்கரை வரல, வர்ற எல்லையில நிக்கிறீங்க. சோத்தக் குறைச்சு, நடந்து, தொப்பையக் கரைச்சீங்கன்னா திரும்பிடலாம்" என்று சொல்லியிருந்தார். மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக் குடும்பம் என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் வருகிற வரன் தெருமுனையிலேயே திரும்பிவிடும் என்று பயந்து, மாமா வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

வாயை மூடினாரே தவிர, சொன்னதைச் செய்தார். அதை நினைத்தால்தான் இப்போது மனசு ஆறமாட்டேன் என்கிறது. வண்டியை வீட்டில் விட்டுவிட்டுக் கால்வாய்க் கரையோரம் நடந்தே வயலுக்குப் போனார். கேட்டவர்களிடம் வண்டி ரிப்பேர் என்றார். அவ்வளவு நாள் ரிப்பேராகக் கிடந்த வண்டி மதுரை ஜில்லாவிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். சோற்றை விட்டுவிட்டுக் கேப்பைக் களியைச் சட்டி நிறையத் தின்றிருக்கிறார். அதுவும் அளவோடுதான் என்று டாக்டர் சொன்னதும் அதையும் குறைத்தார். முதலில் காய், பிறகு பயறு, கடைசியாகக் கைப்பிடிச் சோறு என்று தட்டையே மாற்றிக்கொண்டார். அடுத்த சோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. அத்தையிடம் மட்டும், "எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துட்டேன் புள்ள" என்று சொல்லிச் சிரித்தாராம்.

இந்தப் பக்கம் அம்மா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் போன் செய்தால் எடுக்க மாட்டாள். எடுக்காமல் விட்டுவிட்டு, அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். தீபாவளிக்கு மாமாவே கிளம்பி வந்தார். இடுப்பில் வேட்டி நிற்காத அளவு மெலிந்திருந்தார். ஏக்கத்தில் மெலிந்துவிட்டார் என்று அம்மா அழுதாள். அப்புறம் இலை போட்டாள். கறிக்குழம்பு, சோறு, அதிரசம், மறுபடியும் சோறு. மாமா எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏப்பம் விட்டு நிமிர்ந்து, "தங்கச்சி வீட்டுல கை நனைச்சாச்சு. இப்ப சந்தோசமா?" என்று கேட்டார். அம்மாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த மகிழ்ச்சியை நான் அதன்பின் பார்க்கவில்லை.

தங்கை வீட்டில் சாப்பிட்டவர் கொழுந்தியாள் வீட்டில் எப்படி மறுப்பார்? சம்பந்தி வீட்டில்? அந்த வருடம் மகளுக்குக் கல்யாணமும் கூடியது. போன இடமெல்லாம் விருந்து, எல்லா இடத்திலும் இனிப்பு. நடையும் மெல்ல நின்றுபோனது. பிறகு சர்க்கரை வந்தது. வந்ததையும் வெளியில் சொல்லாமல் மருந்தை இஷ்டத்துக்குப் போட்டார். கால்விரலில் புண் வந்து விரலை எடுக்க வேண்டியதானது. கண்ணும் மங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அத்தை எல்லாவற்றையும் சொன்னார். அம்மா சுவரில் சாய்ந்து, "நாந்தேன் மதினி ஊட்டிவிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு விருந்தில் யாருக்கும் சர்க்கரை வந்துவிடாது, ஒழுங்காக இருந்தவர்களுக்கும் சில சமயம் வரும் என்று டாக்டர் எங்களுக்கு விளக்கினார். புத்தி ஒப்புக்கொள்கிறது. ஆனால் மெலிந்து, தெம்பாக, எல்லைக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு மனிதரை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அன்பாகவே அந்தப் பக்கம் தள்ளிவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் அம்மாவுக்கு ரத்தம் சோதித்தார்கள். அவளும் இப்போது அதே எல்லையில்தான் நிற்கிறாள். சோதனை முடிந்த வாரம் மாமாவைப் பார்க்கப் போனோம். அத்தை இலை போட்டுச் சோற்றைக் குவித்தார். எப்படி வேண்டாம் என்பது என்று அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கட்டிலில் இருந்த மாமா குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஏய், சோத்த எடு அவ எலையிலருந்து. காய் மட்டும் வையி. இல்ல, ஒண்ணுமே திங்காட்டியும் சரித்தேன். நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்? நீ வந்ததே போதும்த்தா."

அம்மா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். வந்ததே போதும். என் கல்யாணத்தன்று அவரிடம் இதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.